மோட்டார் கொட்டகைக்கு நாயனம்: 3,530 ரூபாய்க்குப் பன்னிரண்டு மணி நேரம்

வயல் மோட்டார் கொட்டகையில் ராத்திரி அப்பா நாயனம் (நாகசுரம்) கேட்க வழி செய்யும் வேலை, போன குறுவையில் தொடங்கி இந்தக் குறுவைக்குத்தான் முடிந்தது. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு த்ரீ பேஸ் வந்ததும் அப்பா மோட்டாரைப் போட்டார், கூடவே ஸ்பீக்கர் பெட்டியையும் போட்டார். விடிகிற வரைக்கும் நிற்காமல் வாசித்தது. கோயில் புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முதலில் வந்தது, நிறைவுக்கு வாசிக்கும் மங்களம் கடைசியில் வந்தது, தவிலும் கேட்டது. இந்த மூன்றும் ஒரே ராத்திரியில் சரியாக அமைந்தது இதுதான் முதல் தடவை. அதனால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வயல் நீடாமங்கலம் பக்கம். அப்பாவிடம் 43 கேசட் இருந்தன, முக்கால்வாசி நாகசுரம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது கொட்டகைக் கூரை போனது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதை ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தோம். அந்த நேரத்தில் விழுந்த தென்னைகளை எண்ணுவதா, கேசட்டை எண்ணுவதா? வெயிலில் காய வைத்து மறுபடி மூடி வைத்ததோடு சரி.

அதன் பிறகு அப்பாவுக்குப் போனில் கேட்கச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். வயலில் சிக்னல் ஒரு புள்ளிதான் வரும், அதுவும் வரப்பில் ஏறி நின்றால். வந்தாலும் இலவசச் செயலியில் விளம்பரம். "தோடி நடுவுல எவன்டா வந்து சோப்பு விக்கிறான்?" என்று கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். மாதச் சந்தா கட்டினால் விளம்பரம் போகும், சிக்னல் வராது. செயலிக்குள் இறக்கி வைத்துக் கேட்கலாம் என்றால் அது அந்தப் போனில் அந்தச் செயலியில் மட்டும்தான் ஓடும், சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். பென் டிரைவில் போட முடியாது. சரி, நமக்குக் கோப்பாகவே வேண்டும் என்று முடிவானது.

முதலில் கேசட்டைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். அத்தை வீட்டில் சும்மா கிடந்த டேப் ரெக்கார்டரில் பெல்ட் உருகிப் பசையாக ஒட்டியிருந்தது. புது பெல்ட் 40 ரூபாய். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் 120. கணினியில் ஏற்ற, ஆடியோ உள்ளே போகும் யூஎஸ்பி குச்சி ஒன்று 550. மென்பொருள் ஆடாசிட்டி, அது இலவசம்.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே ஓட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனாலும் ஓட்டினேன். வெள்ளைத் தூள் ஹெட்டில் அப்பி, அடுத்துப் போட்ட நல்ல கேசட்டும் மந்தமாகக் கேட்டது. ஒவ்வொரு கேசட்டுக்கும் நடுவில் ஹெட்டைத் துடைக்க வேண்டியதாயிற்று. டேப் ஒட்டிக்கொண்டு அறுந்தவை எட்டு. சத்தமே எழும்பாதவை, எழும்பியும் அலையலையாக வந்தவை மற்றதெல்லாம். முழுசாக மீண்டது நான்கே நான்கு, அறுபது நிமிடக் கேசட்டுகள். இதில் குறுக்கு வழி கிடையாது. அறுபது நிமிடக் கேசட்டை ஏற்ற அறுபது நிமிடம்தான் ஆகும். கெட்டுப்போனவற்றையும் சேர்த்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

அதாவது 710 ரூபாய்க்கு 240 நிமிடம், நிமிடத்துக்கு 2.96 ரூபாய். என் கூலியைச் சேர்க்கவில்லை. அன்றைக்குத்தான் நோட்டில் "ரூபாய் / நிமிடம்" என்று ஒரு பத்தி போட்டேன். அதன் பிறகு வாங்கிய எதையும் அந்தக் கணக்கில்தான் பார்த்தேன்.

இனி வாங்குவது. இணையத்தில் பாட்டைக் கோப்பாக விற்பது நம் நாட்டுக்கு ஒன்றும் புதிதில்லை. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு பாட்டு 7, 12, 15 ரூபாய் என்று மூன்று விலையில் இருந்தது. அதே ஆண்டு தொடங்கிய பிளிப்கார்ட்டின் ஃப்ளைட் என்ற பாட்டுக் கடை அடுத்த ஆண்டே மூடப்பட்டது. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில் போனது. சந்தா வந்த பிறகு வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இருந்தாலும் விற்கிற இடம் இன்னும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

முதல் கடையில் ஆசைப்பட்டு உருப்படி உருப்படியாகப் பொறுக்கினேன். ஒன்று 15 ரூபாய், பன்னிரண்டு வாங்கி 180. வாங்கிய பிறகுதான் நீளத்தைக் கூட்டிப் பார்த்தேன்: மொத்தம் 58 நிமிடம். நிமிடத்துக்கு 3.10. கேசட்டைத் துடைத்ததைவிட அதிகம்!

தப்பு என்னுடையதுதான். சினிமாப் பாட்டு நாலைந்து நிமிடம். அதற்கு ஒரு பாட்டு ஒரு விலை என்பது சரியாக இருக்கும். நாயனத்தில் ஒரு உருப்படி மூன்று நிமிடமாகவும் இருக்கும், முக்கால் மணி நேரமாகவும் இருக்கும். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பத்து நிமிடத்தைத் தாண்டியவற்றில் பல தனியாகக் கிடைக்காது, முழுத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும். நான் தனித்தனியாகப் பொறுக்கியதால் என் கைக்கு வந்ததெல்லாம் துண்டு துக்கடா. இன்னொன்று, பன்னிரண்டில் மூன்று ஒரே பதிவு. வேறு வேறு அட்டைப் படம், வேறு வேறு தலைப்பு. முப்பது விநாடி மாதிரியில் அது தெரியவில்லை.

பிறகு பார்த்தால் அவற்றில் ஐந்து பழைய 78 சுற்று இசைத்தட்டிலிருந்து எடுத்தவை. இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும், அதனால்தான் அவ்வளவு குட்டை. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். அவர் இருந்த காலத்தில் வெளியான தட்டுகளின் உரிமைக் காலம் 2016 முடிவோடு எப்போதோ தீர்ந்துவிட்டது. இசைத்தட்டு சேகரிப்பவர்கள் நல்ல ஊசி போட்டு எடுத்து இலவசமாகவே ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கியதில் இரைச்சலை எடுக்கிறேன் என்று நாயனத்தின் ஊதும் நாணலான சீவாளியின் கரகரப்பையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். நாயனம் புல்லாங்குழல் மாதிரி கேட்டது. ஆக 75 ரூபாய் தெண்டம்.

புத்தி வந்த பிறகு அதே கடையில் ஒரு கச்சேரித் தொகுப்பை முழுசாக வாங்கினேன். 90 ரூபாய், 112 நிமிடம், அதில் ராகம் தானம் பல்லவி மட்டும் 41 நிமிடம். நிமிடத்துக்கு 80 காசு. இந்தப் பதிவு முழுக்க யாராவது ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகுப்பால் எதிர்பாராத ஒரு லாபமும் வந்தது. மீண்ட நான்கு கேசட்டில் ஒன்று இதே கச்சேரியின் ஒரு பகுதி. வாங்கிய கோப்பில் சரியாக 15 நிமிடம் வரும் கீர்த்தனை, நான் கேசட்டிலிருந்து ஏற்றியதில் 14 நிமிடம் 35 விநாடியில் முடிந்திருந்தது. அத்தை வீட்டு டேப் ரெக்கார்டர் கிட்டத்தட்ட 2.9 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது! சுருதிக் கணக்கில் கால் கட்டை ஏற்றம். எனக்குக் கேட்கவே இல்லை. மறுபடி நான்கு மணி நேரம் ஏற்ற வேண்டுமோ என்று பயந்தேன், தேவைப்படவில்லை. ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் இடத்தில் 2.8 சதவீதம் குறைத்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தன. நான்கு கேசட்டையும் அதே அளவு குறைத்துவிட்டேன். கேசட் ஏற்றப் போகிறவர்கள், நீளம் தெரிந்த ஒரு பதிவை முதலில் ஓட்டி வேகத்தை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து வெளிநாட்டுக் கடை. அங்கே ஒரு நாகசுரத் தொகுப்பு 7 டாலர். வங்கி அட்டையைப் போட்டால் மூன்று தடவையும் மறுக்கப்பட்டது. வங்கி உதவி எண்ணில் இருபது நிமிடம் நாயனத்துக்குப் பதில் வேறு ஏதோ இசை கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புது அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியேதான் வரும். நாமே செயலிக்குள் போய்த் திறந்துவிட வேண்டும். திறந்தேன், வாங்கினேன், உடனே மூடிவிட்டேன். டாலர் 85 ரூபாய்க்கு 595. அதன் மேல் வங்கி போடும் மூன்றரை சதவீதம் 20.83, அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3.75. மொத்தம் 619.58, நோட்டில் 620 என்று எழுதினேன். 74 நிமிடம். நிமிடத்துக்கு 8.38.

விலை அதிகம்தான். ஆனால் பதிவைக் கேட்டபோது குறை சொல்லத் தோன்றவில்லை. தவிலின் இரண்டு பக்கங்களான தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள வித்தியாசம் ஹெட்போனில் தனித்தனியாகக் கேட்டது. எந்த வடிவத்தில் வேண்டும் என்று கடை கேட்டதும், பெரியதே நல்லது என்று 24 பிட் ஃப்ளாக்கை எடுத்தேன். ஒன்றரை ஜிபி. எங்கள் வீட்டு இணைப்பில் இறங்க ஒரு மாலை போனது. மோட்டார் இரைச்சலுக்கு நடுவில், மூன்று அங்குல ஸ்பீக்கரில் கேட்கப் போகிற நாயனத்துக்கு 24 பிட்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஃப்ளாக் மாதிரி இழப்பில்லாத கோப்பை ஒன்று கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் வசதி. எம்பி3யிலிருந்து மேலே ஏற முடியாது.

கலைஞருக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கும் இருக்கிறது. கலைஞர்களே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் மாதிரி இடங்களில் கடை எடுத்துக்கொள்வது 15 சதவீதம், பணம் கைமாறும் கட்டணம் தனி, மீதி விற்றவருக்கு. இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு யோசனை வந்தது. நாம் இருப்பது காவிரிப் படுகை. இருபது கிலோமீட்டருக்குள் எத்தனை மேளக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே கேட்டால் என்ன?

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் வாசிக்கிற நாயனக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். கச்சேரிகளைச் சின்னப் பதிவுக் கருவியில் பதிந்து வைத்திருக்கிறார். கொடுக்க முதலில் யோசித்தார். "தம்பி, கேக்கிறதுக்குக் கொடுக்கிறதுல ஒண்ணும் இல்லை. ஆனா இதை ஒருத்தன் பென் டிரைவுல போட்டு மண்டபத்துல ஓட விட்டா, முகூர்த்தத்துக்கு எங்களை யாரு கூப்பிடுவா?" என்றார். நியாயம்தானே. கெட்டிமேளத்தையே ஸ்பீக்கரில் போடுகிற கல்யாணங்களை நானும் பார்த்திருக்கிறேன். வீட்டையும் கொட்டகையையும் தாண்டாது என்று சொல்லி வாங்கி வந்தேன். விலை அவர் சொல்லவில்லை. 600 ரூபாய் ஜிபே செய்தேன். ஐந்து மணி இருபது நிமிடம், சிடி தரத்தில் வேவ் கோப்பு, மூன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. என் பென் டிரைவிலேயே போட்டுக் கொடுத்தார். நிமிடத்துக்கு 1.88 ரூபாய்.

அதைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொன்றிலும் யார் இரண்டாவது நாயனம், யார் தவில் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். காசு கொடுத்து இறக்கிய கோப்புகளில் இது கிடையாது. ராகத்தின் பெயர் இருந்தாலே அதிர்ஷ்டம், "டிராக் 03" என்றுகூட ஒன்று வந்தது. தவில்காரர் பெயர் ஒன்றில்கூட இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலால் பேர் வாங்கிய ஊர் எங்களுடையது. தவில் யாரென்று தெரியாத பதிவை அப்பா பாதிப் பதிவாகத்தான் எடுத்துக்கொள்வார். கெட்டுப்போன கேசட்டுகளின் உறை அட்டைகளைப் பார்த்துத்தான் சிலவற்றுக்குப் பெயர் நிரப்பினேன்.

பெட்டிக்கு வருகிறேன். எஃப்எம்மும் யூஎஸ்பியும் உள்ள சாதாரண ஸ்பீக்கர் பெட்டி, 950 ரூபாய். 32 ஜிபி பென் டிரைவ் 380. முதல் நாள் பெட்டி எதையுமே வாசிக்கவில்லை. பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருந்தது. ஃபேட்32க்கு மாற்றி ஃபார்மேட் செய்ததும் எழுந்தது. ஆனால் முதல் கடையில் வாங்கியதெல்லாம் எம்4ஏ, வெளிநாட்டுக் கடையுடையது ஃப்ளாக், இரண்டையும் அது தாண்டிக் குதித்துப் போனது. எம்பி3 மட்டும்தான் அதற்குத் தெரியும். எல்லாவற்றையும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலைக் கொண்டு எம்பி3 ஆக்கினேன்.

இரண்டாவது ராத்திரி கொண்டுபோய் வைத்தேன். காலையில் அப்பா வந்து, "மங்களத்தை மொதல்ல வாசிச்சுட்டு மல்லாரி வாசிக்கிறான். எந்தக் கோயில் வழக்கம்டா இது?" என்றார். பெயரின் முன்னால் 01, 02 என்று நான் எண் போட்டுத்தான் இருந்தேன். இந்த மாதிரிப் பெட்டிகள் பெயரைப் பார்ப்பதில்லை, பென் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் வாசிக்கின்றன. சும்மா அழித்துவிட்டு நகலெடுத்தாலும் பழைய காலி இடங்களில் போய் உட்கார்ந்து வரிசை குழம்புகிறது. ஃபார்மேட் செய்து, ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் நகலெடுத்தேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபேட்சார்ட் என்ற சின்ன நிரல் இந்த வேலையை ஒரு நொடியில் செய்யும்.

மூன்றாவது ராத்திரி இன்னொரு புகார். "நாயனம் நல்லா இருக்கு. தவில் எங்கடா போச்சு?"

இதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று. கணினியில் கேட்டால் தவில் கணீரென்று இருக்கிறது. பெட்டியில் எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பது போல. கடைசியில் பெட்டியைத் திறந்தேன். ஒரே ஸ்பீக்கர், அதற்கு இடது பக்கச் சத்தத்தை மட்டும் இழுத்து விட்டிருந்தார்கள். வலது பக்கம் போர்டிலேயே அந்தரத்தில் நின்றது. நாயனக்காரரின் பதிவில் நாயனம் இடது, தவில் வலது. வயர் இழுத்து ஒட்டலாமா என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன், பிறகு போர்டில் கை வைக்க வேண்டாம் என்று அணைத்துவிட்டேன். எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டு பக்கத்தையும் கலந்து மோனோவாக மாற்றினால் போதும். 128 கேபிபிஎஸ் மோனோ, நிமிடத்துக்கு ஒரு எம்பிக்கும் கொஞ்சம் குறைவு. அதோடு சத்த அளவையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக்கினேன், இல்லாவிட்டால் பழைய தட்டு முணுமுணுக்கும், அடுத்தது காதைக் கிழிக்கும்.

வாங்கியதும் ஏற்றியதும் 804 நிமிடம். இரட்டிப்பாக இருந்தவற்றையும் கேட்க முடியாதவற்றையும் கழித்தால் பன்னிரண்டு மணி நேரம் சொச்சம், எல்லாம் சேர்ந்து 700 எம்பிதான். 32 ஜிபி எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. வீட்டில் கிடந்த பழைய 4 ஜிபியே தாராளம்.

இசைக்கு 1,490, கேசட் வேலைக்கு 710, பெட்டிக்கும் பென் டிரைவுக்கும் 1,330. ஆக 3,530. மறுபடி செய்தால் கேசட்டில் கை வைக்கும் முன் உறை அட்டைகளைப் படம் பிடித்து, எதெல்லாம் கோப்பாகக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, கிடைக்காததை மட்டும் துடைப்பேன். தனி உருப்படி வாங்க மாட்டேன். பழைய தட்டுக்குக் காசு கொடுக்க மாட்டேன். வெளிநாட்டுத் தொகுப்பை மறுபடியும் வாங்குவேன், ஆனால் 16 பிட்டில். நாயனக்காரரிடம் முதல் நாளே போயிருப்பேன், 600க்குப் பதில் ஆயிரம் கொடுத்திருப்பேன். வாங்கிய எல்லாக் கோப்பும், ரசீதுகளோடு, இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன: கணினியில் ஒன்று, அண்ணன் வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பெட்டியில் திரை கிடையாது என்பதால் ஒவ்வொரு உருப்படிக்கு முன்னாலும் ராகம், நாயனம், தவில் என்று என் மகளைச் சொல்லச் சொல்லிப் பதிந்து சேர்த்திருந்தேன். நாலாவது நாள் அப்பா பென் டிரைவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "புள்ளை குரல் நல்லா இருக்கு. தவில் யாருன்னு சொல்றது இருக்கட்டும். ராகத்தை எடுத்துடு. எனக்குத் தெரியாதா தோடி?"

எடுத்துவிட்டேன். மறுபடி ஃபார்மேட், மறுபடி ஒவ்வொன்றாக நகல்.